வாஷர் அண்ணை என் விசிலைப் பூட்டிய கதை

ஜெர்மனியில் எந்தக் குழாய் ஒழுகினாலும் சரி, வாஷர் அண்ணை படியேறி வரும் சத்தம் கேட்டால் அது தானாகவே நின்றுவிடும். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். டார்ம்ஸ்டாட்டில் எங்கள் மாணவர் விடுதிக்கு அவர்தான் ஹவுஸ்மைஸ்டர். அதாவது குழாய், பல்பு, கதவு, கொதிகலன், மாணவர்களுக்குள் வரும் சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதை ஒட்டிய வயது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், எங்கள் யாருக்கும் தெரியாது. சட்டைப் பை நிறைய ரப்பர் வாஷர் வைத்திருப்பார். அவரோடு கைகுலுக்கினால் நம் கையில் ஒன்றாவது ஒட்டிக்கொண்டு வரும்.

"எல்லாம் லீக்கிலதான் தம்பி கெடுறது" என்பார். "குழாயும் அப்பிடி, குடும்பமும் அப்பிடி, கவுண்மேந்தும் அப்பிடி."

இரண்டாயிரங்களின் நடுவில் நான் மதுரையிலிருந்து எம்.எஸ். படிக்கப் போனவன். நான் இருந்த அறை என்னுடையது இல்லை. ஸ்பெயினுக்குப் படிக்கப் போன ஒருவனின் அறையில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒண்டியிருந்தேன். அவன் அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரவில்லை. அறை யாருக்கு என்ற கேள்வி வந்தது. எங்கள் விடுதியில் அதை அந்தந்த மாடியில் குடியிருப்பவர்களே கூடி, கை தூக்கி முடிவு செய்வார்கள். அறை போனால் முகவரி போகும். முகவரி போனால் விசா நீட்டிப்பு கிடையாது. விசா இல்லையென்றால் மதுரைக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அங்கே அப்பா, பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரிடமும் மகன் ஜெர்மனியில் படிப்பதைச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த மாடியில் எனக்கு ஒரே எதிரி, அம்மா கொடுத்துவிட்ட பிரஷர் குக்கர். வந்த முதல் நாள் பொதுச் சமையலறையில் சாதம் வைத்தேன். முதல் விசிலுக்கு எல்லா அறைக் கதவும் திறந்தன. இரண்டாவது விசிலுக்கு, தீ அலாரம் என்று நினைத்து மாடி மொத்தமும் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றது. மூன்றாவது விசிலுக்கு நான் சாதம் வெந்துவிட்டது என்று சந்தோஷமாக அடுப்பை அணைத்தேன். மாடியின் பிரதிநிதியான பிர்கிட் என்ற பெண் அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவசர வழி எங்கே என்று கண்ணால் தேடுவாள். என் ஜெர்மன் அப்போது ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. குக்கரைப் பற்றி விளக்கம் சொல்ல அது போதாது.

என் பக்கத்து அறையில் யோனாஸ் இருந்தான். உயிரியல் மாணவன். நிலவறையில் சொந்தமாக பீர் காய்ச்சுவான். பீருக்குப் பஞ்சமே இல்லாத அந்த நாட்டில் ஒருவன் தானே பீர் காய்ச்சுவது, குற்றால அருவிக்குக் கீழே நின்றுகொண்டு மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பதைப் போன்றது. ஆனால் பீர் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். அதைப் பாட்டிலில் அடைப்பதில்தான் தகராறு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிலவறையில் நாலு பாட்டில் அடுத்தடுத்து வெடித்தன.

வேறு ஹவுஸ்மைஸ்டராக இருந்தால் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருப்பார். வாஷர் அண்ணை பீர்க் குட்டையின் நடுவில் நின்று, உடைந்த கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"பியர் பிழையில்லைத் தம்பி. போத்தில்தான் பிழை. பிரஷருக்கு வெளியில போக வழியில்லை. இவனுக்கு ஒரு பீப்பாயும் அதுக்கொரு பைப்பும் செய்து குடுப்பம்."

"நீங்க குடிப்பீங்களா அண்ணை?"

"சீ. நான் பால் விடாத பிளேன்ரீதான். ஆனா இருவது லீற்றரை ஒழுகாமல் அடைச்சு வைக்க ஏலாதெண்டா நான் என்ன ஹவுஸ்மைஸ்டர்?"

அடுத்த பத்து நாள் அவர் விடுதியின் எந்தக் குழாயையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் பழைய சாமான்களைத் தெருவோரம் வைக்கிற நாள் வந்தது. விடியற்காலையிலேயே கைவண்டியோடு கிளம்பி, ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூடிவிட்ட மதுக்கடை ஒன்றிலிருந்து, எலுமிச்சை பானம் அடைத்து வைக்கிற எவர்சில்வர் பீப்பாய் கிடைத்தது. வாயுவுக்கு யோனாஸின் சோடா மெஷின் சிலிண்டர். திறந்து ஊற்ற, ஏதோ கூட்ட அரங்கில் கழித்துப் போட்ட காபி டிரம்மின் குழாய். பெட்டிக் கதவில் ஓட்டை போட்டு அந்தக் குழாயைச் செருகினார். இணைப்புக்கு இணைப்பு சோப்பு நுரை தடவி, முட்டை விடுகிறதா என்று மூக்கு இடிக்கப் பார்த்தார். நுரை தடவியது என் ஷேவிங் பிரஷ்ஷால் என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஓட்டெடுப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் கதவைத் தட்டினார்.

"தம்பி, உம்மட குக்கர் விசிலைத் தாரும். பூட்டப் போறன்."

பிர்கிட் புகார் கொடுத்துவிட்டாள், பறிமுதல் செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணை, ப்ளீஸ், பூட்டாதீங்க. இனிமே விசிலே வராம பாத்துக்கறேன்."

"விசில் வராட்டி அதைப் பூட்டி என்ன பிரியோசனம்?"

"தெரியாம பண்ணிட்டேன் அண்ணை. ஒரே ஒரு சான்ஸ் குடுங்க."

"நீர் என்ன செய்தனீர்? ஏன் அழுற மாதிரி நிக்கிறீர்? கெதியாத் தாரும், பின்னேரத்துக்குள்ள பூட்டி முடிக்கவேணும்."

இப்படியே ஐந்து நிமிடம் போனது. மதுரையில் பூட்டுவது என்றால் சாவி போட்டுப் பூட்டுவது. யாழ்ப்பாணத்தில் ஒன்றை இன்னொன்றில் பொருத்துவதும் பூட்டுவதுதான். பீப்பாய் மூடியில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு உடைந்திருந்தது. அதன் இடத்தில் என் குக்கர் வெயிட்டையும், அது உட்காருகிற சின்னக் குழாயையும் வைக்கப் போகிறாராம்.

"வேற வால்வு எதுவும் செட் ஆகாதா அண்ணை?"

"ஏலாது. இதுதான் வேணும்" என்றார். ஸ்பேனரால் குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஓட்டை விழுந்த மூடியை வைத்துக்கொண்டு நான் திறந்த பாத்திரத்தில் கஞ்சி வடித்தேன்.

ஒத்திகையில் குழாயைத் திறந்தால் பீர் வரவில்லை, நுரை வந்தது. யோனாஸின் முகம், என் சட்டை, சமையலறைச் சுவர் எல்லாம் நுரை. அண்ணை மட்டும் அசையவில்லை. பீப்பாயிலிருந்து வெளிக் குழாய்க்கு வரும் டியூப் குட்டையாக இருக்கிறது, அதனால்தான் பாய்ந்து வருகிறது என்றார். மூன்று மீட்டர் டியூபைச் சுருட்டி உள்ளே வைத்ததும் பீர் சொன்னபடி கேட்டது.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சமையலறையில் கூட்டம். அறைக்கு என்னோடு போட்டி போட்டவன் கேக் செய்து கொண்டு வந்திருந்தான், அதுவும் ஆப்பிள் கேக். என்னிடம் இருந்ததெல்லாம் மனப்பாடம் செய்த நாலு ஜெர்மன் வாக்கியங்கள். மூலையில் குளிர்சாதனப் பெட்டி. அதன் பக்கத்தில் பிளேன்ரீயோடு வாஷர் அண்ணை. பிர்கிட் என் பெயரை வாசித்தாள். எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னேன்:

"நான் மிகவும் அமைதியான மனிதன்."

மூலையிலிருந்து விசில் அடித்தது.

அதுவரை நான் கேட்டதிலேயே நீளமான விசில். இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். மிச்சம் இருந்த மூன்று வாக்கியங்களும் எனக்கு மறந்துவிட்டன. மதுரை ரயில் நிலையமே கண்ணுக்குத் தெரிந்தது.

அண்ணை நிதானமாக எழுந்தார். ஒரு கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திறந்தார். தேன் நிறத்தில் பீர், மேலே இரண்டு விரல் நுரை. நேராகக் கொண்டுபோய் பிர்கிட் கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். நிறுத்தினாள். மறுபடி குடித்தாள். பிறகு, அந்தச் சத்தம் என்ன என்று கேட்டாள்.

அண்ணை தன் கண்டிப்பான ஜெர்மனில் பதில் சொன்னார்: "இந்தியப் பாதுகாப்பு வால்வு. விசில் வந்தால் பீர் சரியான அழுத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தம்பியின் சொந்தப் பொருள். அவர் போனால் அதுவும் கூடப் போகும்."

யோனாஸ்தான் முதலில் கை தூக்கினான். பிறகு ஒவ்வொன்றாக, மொத்தம் பதினொரு கை. பிர்கிட் கடைசியில், குவளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தூக்கினாள். கேக் கொண்டு வந்தவன் பாவம், அவனுக்கு ஓட்டில்லை. இருந்தாலும் இரண்டாவது குவளைக்குப் பிறகு அவனும் தூக்கினான்.

அன்று முதல் அந்த மாடியில் விசில் அடித்தால் யாரும் வாசலுக்கு ஓடவில்லை, குவளையோடு சமையலறைக்கு ஓடினார்கள். யோனாஸுக்கு நான் "சோறு ரெடி" என்று சொல்லிக் கொடுத்தேன். ஜெர்மானியர் பதினொரு பேர் பீர் குழாயின் முன்னால் "சோறு ரெடி" என்று கூவுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பீருக்கு நடுவே என் பரீட்சைகளும் ஓடின, ஜெர்மனும் வந்தது, பிர்கிட் என் ரசத்துக்கு அடிமையானாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் பல்பு கேட்டு அண்ணையின் பட்டறைக்குப் போனேன். "மூண்டாவது லாச்சியில பாரும்" என்றார். நான் இரண்டாவது இழுப்பறையை இழுத்துவிட்டேன். அதில் பித்தளை வால்வுகள், பிரிக்காத காகிதச் சுற்றோடு, எல்லா அளவிலும் இருந்தன. பீப்பாய் மூடிக்கு அச்சாகப் பொருந்துகிற அளவில் மட்டும் ஆறு.

"அண்ணை, இது எப்ப வாங்கினது?"

"அது நான் வேலைக்கு வந்த காலத்திலயே கிடக்குது."

"அப்ப என் குக்கரை எதுக்கு உடைச்சீங்க?"

அவர் தலையை நிமிர்த்தாமல் ஏதோ ஒரு திருகை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "வால்வு இதில நிறையக் கிடக்கு. ஓட்டு எங்கயாவது கிடக்குதோ? நான் இஞ்ச வந்த புதுசில எத்தனை வீட்டுக்காரர் என்ர முகத்தைப் பார்த்திட்டுக் கதவைச் சாத்தினவை. உம்மையும் அப்பிடி விடச் சொல்லுறீரோ? பல்பை எடுத்துக்கொண்டு போம்."

அந்த மாடியில் வாஷர் அண்ணைக்கு ஓட்டுரிமையே கிடையாது. ஆனாலும் அன்று எனக்கு விழுந்த பதினொரு ஓட்டும் அவர் ஒருவர் போட்டதுதான்.