சுஐபு காக்காவுக்கு ஓர் அன்பளிப்பு

இனி கடல் தாண்ட மாட்டேன் என்று நான் சபதம் செய்தது புதுமடம் பள்ளிவாசல் படியில். ஜும்ஆ தொழுகை முடிந்து ஊரே செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். தப்பான நேரம். செருப்புத் தேடுகிறவனுக்குக் கண் மட்டும்தான் வேலை. காது சும்மாதான் இருக்கும். அஸர் தொழுகைக்குள் சேதி கடற்கரை வரை போய்விட்டது. "சதக்கத்துல்லா ஒரேயடியா வந்துட்டாராம்ல!" மீன் வாங்கப் போன இடத்தில்கூட வாழ்த்துச் சொன்னார்கள். விலையை மட்டும் குறைக்கவில்லை.

சபதத்தில் ஒரு கோளாறு உண்டு. அதைச் செய்கிறவன் ஒருவன், காப்பாற்ற வேண்டியவன் வேறொருவன். ஷார்ஜாவில் கப்பல் உதிரிபாகக் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். எந்த நட்டு எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுத் தேயிலை டப்பா எங்கே இருக்கிறது என்று விழித்திருக்கும்போது கேட்டாலும் தெரியாது. பொறுக்காமல் ஒருநாள் அடுப்படி டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் லேபிள் ஒட்டினேன். அன்று சாயங்காலம் என் டீயில் சீரகம் மிதந்தது. தாஜு வழக்கமான இடத்தில் கையை விட்டாளாம்.

தாஜு என்பது என் மனைவி தாஜுன்னிசா. தாஜ் என்றால் கிரீடம். குடும்பத்துக்குத் தலை நான்தான், மறுக்கவில்லை. கிரீடம் எங்கே இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படி நான் சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தபோதுதான் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சேதி வந்தது. சுஐபு காக்கா ஷார்ஜாவுக்குப் பக்கத்து அஜ்மானில் புதுக் கிடங்கு திறக்கிறார். நம்பிக்கையான ஓர் ஆளை மேனேஜராகத் தேடுகிறார்.

சுஐபு காக்கா கீழக்கரைக்காரர், என் பழைய முதலாளி. எங்கள் கரையில் காக்கா என்றால் அண்ணன். காக்கா பிடிப்பது என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரர்களுக்கும் தெரியும். நான் செய்யத் துணிந்ததில் இரண்டு அர்த்தமும் அடக்கம்.

நானாக வேலை கேட்க முடியாது. அன்று செருப்புத் தேடியவர்கள் எல்லோரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். தாஜுவிடமும் சொல்ல முடியாது. வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் வீடு கசந்துவிட்டதா என்று கேட்டால் என்ன பதில்? ஆகவே திட்டம் இது: நன்றி என்று சொல்லி காக்காவுக்கு ஓர் அன்பளிப்பு அனுப்புவது. அதைப் பார்த்ததும் அவருக்கு என் ஞாபகம் வரும். அவராகவே கூப்பிடுவார். நான் தாஜுவிடம் கையை விரித்து, "காக்கா கூப்பிடுறாக, மறுக்க முடியுமா?" என்பேன். பழி அவருக்கு, மேனேஜர் நாற்காலி எனக்கு.

"என்ன திடீர்னு நன்றி?" என்றாள் தாஜு.

"இத்தனை வருஷம் சோறு போட்ட மனுசன். ஏர்போர்ட் வரைக்கும் அவரே காரோட்டி வந்து விட்டாரு. வந்த கையோட அனுப்பியிருக்கணும்."

"ம்ம்."

தாஜுவின் 'ம்ம்'முக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது.

அன்பளிப்பைக் கொண்டுபோக ஆள் இருந்தான். தாஜுவின் தம்பி காஜா நவாஸ், விசிட் விசாவில் வேலை தேடி ஷார்ஜா கிளம்பிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் விமானம் ஏறுகிறவன் பெட்டியில் அவன் துணி இருக்காது. அக்கம்பக்கத்து ஊறுகாய்தான் இருக்கும். எனக்காக ஒரு மூலை ஒதுக்குவதாக அவன் பெரிய மனது பண்ணினான்.

"சீலாக் கருவாடு?" என்றேன்.

காஜா பதறினான். "மச்சான், ஏர்போர்ட்ல நாய் புடிச்சா சமாளிச்சுக்கிருவேன். பூனை புடிச்சா என்ன செய்ய?"

"அப்ப நல்ல அத்தரா..."

"அங்கன இருந்து நீங்க கொண்டாந்த அத்தரை அங்கனயே அனுப்பவா?" என்றாள் தாஜு. "கடலுக்கு உப்பு ஏத்துன கதைதான்."

"கீழக்கரைத் தொதல்? அவுக ஊர் இனிப்பாச்சே."

"காக்காவுக்குச் சுகர். நீங்க நன்றி சொல்றீகளா, நாள் குறிக்கிறீகளா?"

"ராமேஸ்வரத்துல சங்குல பேரு எழுதித் தாராங்க. 'சுஐபு காக்காவுக்கு நன்றியுடன்'னு..."

"காக்கா என்ன டூரிஸ்ட் பஸ்ஸுலயா வந்தாக?"

காஜா சிரித்தான். "ஏலே, நீ சிரிக்காத, ஒன் பெட்டியைப் பாரு" என்று அவனை அதட்டிவிட்டு தாஜு என் பக்கம் திரும்பினாள்.

"காக்காகிட்ட இல்லாதது என்னன்னு யோசிங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னமோ செய்வாகன்னு சொல்லுவீகளே?"

சொன்னேன். காக்காவின் பிள்ளைகள் எல்லோரும் லண்டனில். வெள்ளிக்கிழமை மதியம் அவர் கிடங்குக்கு வந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடுவார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைக்கிற பெரிய தட்டுதான் சஹன். எங்கள் வீடுகளில் விருந்தென்றால் அதுதான்.

"அப்ப அதேதான். நீங்களும் புள்ளைகளும் ஒரே சஹன்ல சாப்புடுற மாதிரி ஒரு படம். சட்டம் போட்டு அனுப்புவோம். கண்ணாடி வேணாம், கனம்."

எனக்கு உள்ளுக்குள் வாணவேடிக்கை. என் முகம், காக்காவின் மேஜைமேல், தினமும்! மறக்க நினைத்தாலும் மறப்பாரா? "உன் இஷ்டம்" என்று சலிப்பாகச் சொல்லிவிட்டு, தலைக்கு டை வாங்க உச்சிப்புளிக்கு ஓடினேன். மேனேஜருக்கு நரை ஆகாது.

வெள்ளிக்கிழமை மதியம் மகள் தஸ்னீமும் மகன் சஃபீரும் நானும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"நீயும் வந்து உக்காரு" என்றேன்.

"அப்ப படம் யாரு எடுக்க?" தாஜு செல்போனைத் தூக்கினாள். "கொஞ்சம் சிரிங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கிற மாதிரி இருக்கு."

சிரித்தேன்.

"இது கடன்காரனைப் பாத்த சிரிப்பு. சஃபீருக்கு ஒரு வாய் ஊட்டுங்க."

"மீசை மொளச்ச பயலுக்கா?"

"வாப்பா, சீக்கிரம் குடுங்க, உம்மாவுக்குக் கை வலிக்கப்போவுது" என்று அவன் வாயைத் திறந்தான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ஊட்டியதில்லை. அப்போது நான் நட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கை பழக்கமில்லாமல் நெய்ச்சோறு மூக்கில் ஏறியது. தஸ்னீம் உருண்டு புரண்டு சிரித்தாள். அஜ்மானை நினைத்துத்தான் நான் சிரிக்க ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ அஜ்மான் நழுவிப் போய்விட்டது.

காஜா படத்தோடு பறந்தான். அஜ்மான் எனக்குள் திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டைத் தூசி தட்டினேன். போன் அடித்தால் பாய்ந்தேன். எல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கள். கடைசியில் ஒருநாள் காக்காவே லைனில் வந்தார்.

"சதக்கு! படம் கெடச்சுது. அல்ஹம்துலில்லாஹ். இத்தனை வருசத்துல ஒங்க பல்லை நான் பாத்ததே இல்ல."

"எல்லாம் உங்க துஆ, காக்கா."

"அஜ்மானுக்கு ஒங்களைத்தான் கூப்புடணும்னு இருந்தேன். பேப்பர்கூட ரெடி பண்ணிட்டேன். இந்தப் படம் வந்துச்சு. எம் புள்ளைகளோட நான் சஹன்ல உக்காந்து எத்தனை காலமாச்சு! நீங்களாச்சும் உக்காந்திருக்கீங்க. ஒங்களை அங்கேருந்து எழுப்புற பாவம் எனக்கு வேணாம்."

"காக்கா... நீங்க கூப்பிட்டா நான் மறுக்க..."

"தெரியும். மறுக்க மாட்டீங்க. அதான் கூப்புடல. படம் கொண்டாந்தானே ஒங்க மச்சினன், நல்ல பய. ஒங்க வீட்டு ஆளுன்னா நம்பலாம். அஜ்மான் சாவியை அவன்கிட்ட குடுத்துட்டேன்."

போன் எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போனேன். தாஜு நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"காஜாவுக்கு அஜ்மான்ல மேனேஜர் வேலை கெடச்சிருக்கு" என்றேன்.

"நேத்தே சொன்னான்."

"அஜ்மான்ல கிடங்கு தொறக்குற சேதி உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அதைக் குரூப்புல போட்டதே காஜாதானே."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான்..."

"நான் என்னத்தைக் கண்டேன்? நீங்க நன்றின்னு சொன்னீக. நானும் நன்றியைத்தான் அனுப்புனேன்."

அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். முதல்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போகணும்னு ஆசையா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களை நான் சிரிக்கவே சொல்லியிருக்க மாட்டேனே."