சித்தி எந்த ஸ்கேலில் சும்மா இருந்தார்

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் மனைவி வாயையே திறக்காமல் உலகப் புகழ் பெற்றுவிட்டார், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். கப்பலில் நீங்களும் உங்கள் முதுகும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். பேப்பரில் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரி முடிந்ததும் நீங்கள் படித்துவிட்டீர்களா என்று ஓரத்தில் பார்க்கிறேன், ஒன்றுமே காட்ட மாட்டேன் என்கிறது. ஏன் பேப்பர் என்பது பின்னால் வரும்.

நீங்கள் கிளம்பிய கையோடு சித்தியின் தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது உங்களுக்கே தெரியும். ஞாயிறு இரண்டு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், நடுவில் கல்யாணம், அடக்கம், பிறந்தநாள் என்று எது வந்தாலும் "சிஸ்டர், ஒரே ஒரு பாட்டு" என்று கூப்பிடுவார்கள், அந்த ஒரே ஒரு பாட்டு குட்டி போட்டு ஆறாகும். கடைசியில் ஒருநாள் உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்பது அதைவிட மோசம், மீறினால் இந்த ஜென்மத்தில் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். சித்தி அழக்கூட இல்லை, அழுதால் சத்தம் வருமே. பாஸ்டர் ஐயாவும், "தொண்டைக்கு மட்டும் இல்லம்மா, ஆத்துமாவுக்கும் ஓய்வு வேணும். தனியா உக்காந்து ஆண்டவரோட இருங்க" என்றார். நீங்கள் போனில் என்னிடம் என்ன சொன்னீர்கள்? "பாப்பா, சித்திகிட்ட யாரையும் விடாத. அது உன் பொறுப்பு." விடவில்லை சித்தப்பா. கிட்டே ஒருத்தரையும் விடவில்லை. ஆன்லைனில் மட்டும்தான் விட்டேன்.

அது எப்படி ஆனது என்றால், முதல் நாள் காலை சித்தி ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெயில் சரியாகக் கன்னத்தில் வந்து விழுந்தது. சித்தியின் ஆன்லைன் பாட்டுப் பக்கத்தை நடத்துகிறவள் நான்தானே, புதுப் பாட்டு இல்லாமல் பக்கம் காய்ந்துபோய்க் கிடந்தது, கூட்டம் கூட்டமாக "அக்காவுக்கு என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போனைப் பூந்தொட்டியில் சாய்த்துவைத்து, "சித்தியின் மௌனம், நேரலை" என்று தலைப்புக் கொடுத்தேன். பத்து நிமிஷம்தான். அதில் மொத்தமாக நடந்தது, சித்தி ஒரு தடவை மூக்கைச் சொறிந்தார். மதியத்துக்குள் சித்தி இதுவரை பாடிய எல்லாப் பாட்டையும் பார்த்தவர்களைவிட அதிகம் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். "என்ன ஒரு ஆழம்" என்று ஒருத்தர். "அந்த மூக்கு வரும் இடத்தில் உடைந்துபோனேன்" என்று இன்னொருத்தர். மறுநாள் சித்தி சிலேட்டில் "இதை நிறுத்து" என்று எழுதி என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஃப்ரேமில் அழகாக விழுந்தது. "உலக இரைச்சலை நிறுத்து: சித்தியின் செய்தி" என்று போட்டேன், பிய்த்துக்கொண்டு போனது.

பாடகர் குழுவில் புகைச்சல் கிளம்பிவிட்டது. இரண்டாம் குரல் பாடுகிற அக்கா நேராக வீட்டுக்கே வந்து, "பதினைஞ்சு வருஷமா பின்னாடி நின்னு 'ஊ' மட்டும் போட்டுட்டிருக்கேன். சும்மா இருக்கிறதுல என்னைவிட யாருக்குப்பா அனுபவம்?" என்று கேட்டார். நியாயம்தான். பிறகு வேறு சபைகளிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது, சித்தி வந்து எங்கள் மேடையில் அரைமணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று. சித்தி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "பாத்தீங்களா தாழ்மைய" என்று பாஸ்டர் ஐயா நெகிழ்ந்துபோய், முதல் கூட்டம் நம்ம சபையில்தான் என்று தேதியே குறித்துவிட்டார். பேச முடியாதவர் வேண்டாம் என்றால் அதை மற்றவர்களைக் கேட்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஆனால் அதற்குள் பேனர் டிசைன் என் கையில் வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் டாக்டரிடம் காட்டினோம். மறுபடி கேமராவை விட்டுப் பார்த்தார். சித்தியின் கழுத்தையும் தாடையையும் அமுக்கிப் பார்த்தார். "வீக்கம் அப்படியே இருக்கே. இவங்க எங்க ரெஸ்ட் எடுத்தாங்க? வாயத்தான் மூடியிருக்காங்க. கழுத்தும் தாடையும் கல்லு மாதிரி இருக்கு. யார் முன்னாடி இப்படி விறைப்பா உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்படியே போனா குரல் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி சிலேட்டை எடுத்தார். "கண்ண மூடி ஜெபம் பண்ணாலும் அடுத்த பாட்டு எந்த ஸ்கேல்னுதான் எனக்கு ஓடும். இருபது வருஷமா அப்படித்தான். இப்பவாவது ஆண்டவர்கிட்ட சும்மா உக்காரலாம்னு பாத்தேன். இப்ப வெளிச்சம் சரியா விழுதான்னு ஓடுது." இடம் பத்தாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே போய், அதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: "நீ என் குரலுக்கு ரசிகையா, எனக்கா?" சித்தப்பா, எனக்கு எதற்கும் உடனே பதில் போட வரும். அதற்கு மட்டும் சிலேட்டை வாங்கித் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

ஆனாலும் கூட்டம் நடந்தது. சவுண்டு அண்ணன் மூன்று மைக் வைத்திருந்தார். "சிஸ்டர், கொஞ்சம் சும்மா இருங்க, செக் பண்ணிக்கிறேன்" என்றார். சித்தி சும்மா இருந்தார். "இன்னும் கொஞ்சம் பலமா" என்றார். கீபோர்டு அண்ணனை உங்களுக்குத் தெரியும், யார் ஜெபம் பண்ணினாலும் அடியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார், வெறும் அமைதி என்றால் அவருக்குக் கை பரபரக்கும். "எந்த ஸ்கேல்ல சும்மா இருக்கப் போறீங்க சிஸ்டர்?" என்று உண்மையாகவே கேட்டார். சித்தி முறைத்தார். "டி மைனர், புரிஞ்சிடுச்சு" என்று பிடித்துவிட்டார்.

ஹால் நிறைந்து வழிந்தது. சித்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. பிறகு குறட்டை வந்தது. சாதாரணக் குறட்டை இல்லை, இத்தனை வருஷத்துத் தூக்கம் வரிசையில் நின்று வெளியே வந்தது. கீபோர்டு அண்ணன் இரண்டே மூச்சில் அதற்கு ஸ்கேல் கண்டுபிடித்தார். சவுண்டு அண்ணன் எக்கோ போட்டார். முன்வரிசையில் கைகள் உயர்ந்தன. இரண்டாம் குரல் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, சித்தியின் குறட்டைக்கு மேல் சுருதியில் தன் குறட்டையையும் சேர்த்தார், சொல்ல மனசில்லாவிட்டாலும் சொல்கிறேன், பொருந்தித்தான் வந்தது.

நான் போனில் சித்தி முகத்தைப் பெரிதாக்கினேன். பார்ப்பவர்கள் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. சித்தியின் தாடை தொங்கியிருந்தது. டாக்டர் கல்லு மாதிரி என்றாரே, அந்தத் தாடை. வாய் லேசாகத் திறந்து, ஓரத்தில் எச்சில் வழிந்து, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். லைவை அணைத்தேன். மேடைக்குப் போய்க் கீபோர்டு ஒயரைப் பிடுங்கினேன். "தூங்குறாங்க. எல்லாரும் போயிட்டு வாங்க" என்றேன். பாஸ்டர் ஐயா குனிந்து, "ஆசீர்வாதம் இன்னும் சொல்லலையே பாப்பா" என்றார். "மனசுக்குள்ளயே சொல்லிடுங்க ஐயா." அவரும் கையை உயர்த்தி உதட்டை மட்டும் அசைத்தார். அவ்வளவு ஜனமும் பூனை மாதிரி வெளியே போனது.

சித்தி எழுந்தபோது ஹாலில் நான் மட்டும்தான். என் கையிலிருந்த போனை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதனால்தான் பேப்பர். இப்போது தினமும் ஜன்னலோரம் உட்கார்கிறார், எப்படி உட்கார்கிறார் என்று எனக்குத் தெரியாது, நான் பார்ப்பதில்லை. நேற்று டாக்டர், வீக்கம் வடிந்துவிட்டது, மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். சித்தியாகப் பாட வரும்வரை பக்கம் மூடியே இருக்கும், ஈ காக்கைக்குக்கூடச் சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

உங்களையும் கப்பலையும் ஆண்டவர் கரையில் பத்திரமாகச் சேர்க்கட்டும். கேப்டன் ஐயாவுக்கு என் தோத்திரம் சொல்லவும்.

இப்படிக்கு,
சித்திக்கு (குரலுக்கு அல்ல) முதல் ரசிகை,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள் சித்தப்பா. இதோ இந்த நிமிஷம் சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டே முனகுகிறார். எந்தப் பாட்டும் இல்லை, பக்கத்தில் நிற்கிற ஒருத்தரிடம் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கிறது. இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. கீபோர்டு அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நம்ம சமையலறைச் சத்தம் நேராகக் கேட்கும், தினமும் காலை பாத்திரம் கழுவும் நேரத்துக்கு எல்லாரும் வரலாம், அனுமதி இலவசம். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துக் கப்பலில் எல்லாருக்கும் அனுப்புங்கள், அவர்கள் வீட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். படித்தவர்கள் "ஆமென்" என்று பதில் போடவும். மெதுவாகப் போடவும்.