அப்புறம் சார் வாங்கிய தேள்கள்

சங்கரன்கோவிலில் பேசத் தெரியாத ஆள் கிடையாது. கேட்கத் தெரிந்த ஆள் ஒருத்தர்தான் உண்டு. அவரும் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்.

அவர் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. நாம் எதைச் சொன்னாலும் கண்ணை விரித்து, "அப்புறம்?" என்று கேட்பார். அதனால் அவர் அப்புறம் சார். பால்காரர் ஒருநாள், "மாடு கன்னு போட்டிருக்கு சார், நாளைக்குப் பால் வர லேட்டாகும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக் கேட்டு, அந்த மாட்டின் பாட்டியை எந்தச் சந்தையில் வாங்கினார்கள் என்பது வரைக்கும் போய்விட்டார்கள். அன்றைக்கு மற்ற வீடுகளுக்கெல்லாம் பால் போய்ச் சேரும்போது அது தயிராகிவிட்டது என்று இன்றும் பேச்சு.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது, தனி ஆள். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனி வேலை. ஆனால் அவர் உயிர் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில். அந்த ஆட்டத்தை எனக்கு விளங்கிய வரைக்கும் சொல்கிறேன். சார் ஒரு கதை சொல்லுவார். சுற்றி இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒருத்தராக அந்தக் கதைக்குள் போய், "நான் இதைச் செய்யுதேன், அதைச் செய்யுதேன்" என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று பார்க்க, பல முகம் உள்ள ஒரு தாயக்கட்டையை உருட்டுவார்கள். கதை இந்தக் காலத்துக் கதைதான். செல்போன் இருக்கும், ரயில் இருக்கும், கூடவே மந்திரமும் இருக்கும்.

வருகிறவர்கள் மூன்று பேர். விசைத்தறி ஓட்டுகிற கணேசன், மருந்துக்கடையில் நிற்கிற இசக்கி, டியூஷன் எடுக்கிற கோமதி. வெட்கம் பிடித்த நான், முறுக்குத் தட்டை மாடிப்படியின் கடைசிப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். உள்ளே போனதில்லை.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது எங்கேயோ வெளிநாட்டில். பூமிக்கு அடியில் ரயில், தெருவெல்லாம் பனி, நீளக் கோட்டுப் போட்ட மந்திரவாதிகள். ஒருநாள் சார் குரலைத் தாழ்த்தி, "பனியில ஒரு காலடித் தடம் தெரியுது" என்றார்.

"செருப்புத் தடமா, ஷூ தடமா?" என்றான் இசக்கி.

"ஏலே, அது மந்திரவாதி."

"மந்திரவாதின்னா செருப்புப் போட மாட்டானா சார்?"

கணேசனோ எந்த ஆபத்து வந்தாலும், "நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று தாயக்கட்டையை உருட்டினான். அந்த ஊரில் டீக்கடையே கிடையாது என்று சார் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. கடைசியில் கோமதிதான் நயமாகச் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்க சார். அந்த ஊர்ல எங்களுக்கு வழி தெரியல. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான்னா, நாங்க வரல."

அவர்கள் போன பிறகு சார் படியில் வந்து உட்கார்ந்தார். "ஆச்சி, இந்த ஊர்ல எனக்கு இருக்கது அந்த மூணு பேருதான். அவங்க வரலைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்கே போயிருதேன்" என்றார். முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் முதல் கதை தேடக் கிளம்பினார். அப்படி ஒரு தேடலை நான் பார்த்ததில்லை. பூ மார்க்கெட்டில் போய், "இந்த மல்லிகைக்குள்ள ஒரு ரகசியம் இருந்தா என்ன விலைக்குப் போகும் அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார். வரி ஆபீசர் என்று நினைத்து வியாபாரி பாதிக் கூடையை மறைத்துவிட்டார். தறிக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டிருக்கிறார். மயக்கம் என்று நினைத்து முதலாளி முகத்தில் சோடாவை அடித்திருக்கிறார். கம்பத்தில் ஏறி நின்ற லைன்மேனிடம், "டிரான்ஸ்பார்மருக்குள்ள ஒரு ஆவி இருந்தா என்ன பண்ணும்?" என்று கேட்டதற்கு அவர், "லோடு தாங்காம அதுவும் போயிரும் சார்" என்றாராம். அதையும் மெனக்கெட்டு என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். கதை மட்டும் அகப்படவில்லை.

சனிக்கிழமை கோயில் வாசலில் உரு விற்கிற கடைக்குப் போனார். எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் தேள் நடமாட்டம் இருந்தால், தேள் மாதிரி வெட்டிய சின்னத் தகட்டு உருவை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவோம். பாம்புக்குப் பாம்பு உரு, பல்லிக்குப் பல்லி உரு. போட்டால் அது வீட்டை விட்டுப் போய்விடும். இவர் ஆட்டத்தில் காயாக வைக்க அழகாயிருக்கும் என்று நினைத்து, ஒரு பை நிறையத் தேள் வாங்கிவிட்டார். கூடவே நாலு பாம்பு.

வீட்டில் தேள் இல்லாமல் எவன் தேள் உரு வாங்குவான்? அதுவும் ஒரு பை? கடைக்காரர் அன்று மாலையே இட்லிக்கடை வேலம்மாளிடம் சொல்ல, விடிவதற்குள் எங்கள் மாடியில் தேள் படை எடுத்திருப்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரியான எனக்குத்தான் கடைசியில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் வந்து உட்கார்ந்த நேரம், வேலம்மாள் தெருவையே திரட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தி கையில் பூண்டு, ஒருத்தி கையில் வேப்பிலை, முன்னால் பாம்பு பிடிக்கிற அண்ணாச்சி கொக்கிக் கம்போடு.

"ஒத்தையில கெடக்க புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? நீங்க வாயைத் தொறக்கவே மாட்டியளா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் மாடியில் நின்றது.

பாயைத் தூக்கினார்கள், தலையணையை உதறினார்கள், கம்ப்யூட்டரைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பாம்பு பிடிக்கிறவர் அலமாரிக்குப் பின்னால் வெகுநேரம் தேடிவிட்டு, "ஒரு பல்லி இருக்கு. அதுவும் நம்மளக் கண்டு பயந்து கெடக்கு" என்றார். அப்போதுதான் மேஜையில் அணிவகுத்து நின்ற தகட்டுத் தேள்களை வேலம்மாள் பார்த்தாள்.

"இது எதுக்கு சார்?"

"விளையாடுததுக்கு" என்றார் சார், தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லா இருக்கு. உருவை வாங்குனா கோயில்ல போடணும். வீட்ல வச்சிருந்தா, ஊர்ல இருந்து போகுத தேளெல்லாம் இங்கன வந்திராதா?"

சார் தலையை நிமிர்த்தினார். "போகுத தேளா? அது எங்கன போகும்?"

"வீட்டை விட்டுப் போனா எங்கயாவது போகணும்லா?"

"அப்புறம்?"

அவ்வளவுதான். வந்த வேலையை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் அதில் இறங்கிவிட்டது. பக்கத்து ஊரான கரிவலம் பக்கம் போகும் என்றார் பாம்பு பிடிக்கிறவர். "அங்க ஏற்கெனவே நிறைய இருக்கு, இடம் காணாது" என்றான் இசக்கி. தங்கள் தறிக்கூடத்துக்குத்தான் வருகிறது, சந்தேகமே இல்லை என்றான் கணேசன். இத்தனை காலமாக இந்த ஊர் கொடுத்த தேளும் பாம்பும் ஒரு இடத்தில் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கோமதி கேட்டாள். எல்லாரும் சட்டென்று அடங்கிப்போனார்கள்.

அந்த அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது. "யாராவது ஒரு பொம்பளை வாங்கி வச்சுக்கிடுவா."

எல்லாரும் படியைத் திரும்பிப் பார்த்தார்கள். சார் மட்டும் என்னைப் பார்க்காமல், தாயக்கட்டையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"அவ வீடு எங்கன ஆச்சி?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"செல்போன் வச்சிருக்காளா?"

"வச்சிருக்கா. அடிச்சா எடுக்க மாட்டா."

"ஏன்?"

"கை ஒழியாது. தேளுக்கெல்லாம் சாப்பாடு வைக்கணும்லா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கணேசன் தாயக்கட்டையைக் கையில் எடுத்தான். "நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். போற வழியில டீ கிடைக்குமா சார்?"

"தாராளமா கிடைக்கும்" என்றார் சார்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் வரை ஆட்டம் நடந்தது. பாம்பு பிடிக்கிறவர் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, தனக்கும் ஒரு உருட்டு கேட்டு வாங்கினார். வேலம்மாள் கடை திறக்க மறந்துபோனாள். மறுநாள் சார் குளித்துவிட்டுப் போய், உருக்களை எல்லாம் ஒன்று விடாமல் உண்டியலில் சேர்த்துவிட்டு வந்தார். இப்போது காயாக வைப்பது தேளுக்குப் பதில் புளியங்கொட்டைதான். ரூமைக் காலி செய்கிற பேச்சே இல்லை. நானும் படியிலிருந்து நகர்ந்து நகர்ந்து மேஜைக்கே வந்துவிட்டேன். ஆட்டத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பொம்பளை நான்தான்.

போன வாரம் அவருக்கு நல்ல காய்ச்சல். ஆட்டம் இல்லை என்று மூன்று பேருக்கும் சொல்லிவிட்டார். மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் படுத்தவர், "இன்னைக்கு அவ என்ன செய்யுதா ஆச்சி?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தூங்கிவிட்டார். மீதியை யாரும் இல்லாமல் சொல்ல மனம் வரவில்லை. ரசத்தை மூடி வைத்துவிட்டு, அவர் விழிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.