பாதாளத்தை அளந்த சர்வேயர்

இல்லாத நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எங்கள் சர்வேயர் ஒருவர்தான்.

உத்தமபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் மூன்று பேர் சேர்ந்து குடியிருந்தோம். நான் கல்லூரி அலுவலகத்தில் கணினி பார்ப்பவன். ஆரோக்கியம் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துபவர். மூன்றாமவர் சர்வேயர். அவருக்கும் பெயர் உண்டு. வீட்டு ஓனருக்கே அது தெரியாது. பகலெல்லாம் தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமுமாக அளந்துவிட்டு மாலை ஐந்தரைக்கு வருவார். முகம் கழுவுவார். பிறகு பாதாளத்துக்குள் இறங்கிவிடுவார்.

பாதாளம் என்பது என் பழைய லேப்டாப்பில் நான் போட்டுக் கொடுத்த ஒரு விளையாட்டு. நாமே உள்ளே நின்று பார்ப்பதுபோல் திரை முழுக்கக் கற்சுவர். ஒரு அடி வைத்தால் ஒரு கட்டம் நகரும். எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரிச் சுவர்தான். அதில் ஏதோ ஒரு கல் மட்டும் பொத்தான். அழுத்தினால் கதவு திறக்கும், இல்லையென்றால் காலடியில் தரை பிளக்கும். வழிகாட்டும் படம் கிடையாது. நானே அரை மணி நேரத்தில் மூடி வைத்த ஆட்டம் அது.

சர்வேயர் மட்டும், "யாரும் அளக்காத பூமி தம்பி. ஒரு கல்லுகூட ஊனல" என்று சொல்லி, ஒரு டஜன் கிராப் நோட்டு வாங்கி வந்தார்.

ஆட்டத்தில் மூன்று வீரர்கள். வாள்வீரனுக்கு வாத்தியார் பெயரையும், மந்திரவாதிக்கு என் பெயரையும் வைத்தார். வில்லாளி அவர். அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. காலையில் காப்பி குடிக்கும்போது, "தம்பி, நேத்து ஒன்னயச் சிலந்தி கடிச்சிருச்சு. ரெண்டு தடவ செத்த" என்பார்.

"நான் எப்படி இருக்கேன்?" என்பார் வாத்தியார்.

"நல்லா இருக்கீக. ரொட்டிதான் நெறையத் திங்கிறீக."

வாத்தியார் அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

பாதாளத்தின் நான்காம் தளத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை மிதித்தால் சத்தமில்லாமல் ஆளை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். முன்னே போவதாக நினைத்துக்கொண்டு வந்த வழியே போவோம். சர்வேயர் நோட்டில் வரைந்த சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எட்டு நாள் அழித்து அழித்து வரைந்தார். தன் அளவு தப்பாது என்று இருந்த மனிதருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்து, சின்னமனூரில் அளந்து முடித்த தோப்பை மறுபடி அளக்கப் போனார். தோப்புக்காரர் பயந்துபோய் வக்கீலைக் கூட்டி வந்துவிட்டார். அளவு சரியாகத்தான் இருந்தது. சர்வேயர் வீடு திரும்பி, "தப்பு பூமி மேலதான்" என்றார். பாதாளத்தில் நடக்கிற வழியெல்லாம் எலும்புத் துண்டுகளைப் போட்டு அடையாளம் வைத்து, அந்தக் கட்டத்தைப் பிடித்துவிட்டார். மறுநாள் விசிலடித்துக்கொண்டே குளித்தார்.

ஆறாம் தளத்தில் ஒரு கதவு. அதன் முன்னால் தரையில் மூன்று பலகைகள். மூன்றின் மேலும் பாரம் இருந்தால்தான் கதவு திறக்கும். கல்லோ இரண்டுதான் கிடைத்தது. மூன்றாவது கல்லைத் தேடி ஒவ்வொரு சுவராகத் தட்டினார். ஒரு மாதம் ஆயிற்று. ஆளே இளைத்துப்போனார். பொறுக்க முடியாமல் நான் இணையத்தில் வீடியோ பார்த்து விடையைச் சொல்லிவிட்டேன்.

"மூணாவது கல்லே கெடையாதாம் சர்வேயரே. நம்மள்ல ஒரு ஆளப் பலகையில நிறுத்திட்டு மத்த ரெண்டு பேரும் உள்ள போகணுமாம். நிக்கிற ஆளு அங்கனயே நிக்க வேண்டியதுதானாம்."

அவர் லேப்டாப்பை மூடினார். நான்கு நாள் எங்களோடு பேசவில்லை. சேர்ந்து சாப்பிடவும் இல்லை. ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் போல என நினைத்து, ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ என்ன சொல்றது. எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்" என்றார்.

"பெறகு எதுக்கு ஒரு மாசமாச் செவத்தத் தட்டுனீக?" என்று வாத்தியார் கேட்டார்.

"வேற வழி இருக்கான்னு பாத்தேன். யார விட்டுட்டுப் போகச் சொல்றீக?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னய விட்டுட்டுப் போங்க. நான் நிக்கிறேன்."

"ஊசி போடவே தொணைக்கு ஆள் கேட்டவரு நீங்க. அங்கன இருட்டுல தனியா நிப்பீகளா?"

"அப்ப நான் நிக்கிறேன்" என்றேன்.

"நீ சும்மாவே செத்துருவ."

கடைசியில் தன்னையே நிறுத்தினார். கதவு திறந்தது. வாத்தியாரும் நானும் உள்ளே போனோம். தூரத்தில் வருகிறவற்றை அடிக்க வில்லாளி இல்லாததால், பத்தே நிமிடத்தில் இரண்டு பேரும் செத்தோம். சர்வேயர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர விட்டுட்டா மத்தவுக இருக்க மாட்டாக. ஆட்டத்தக் கட்டுனவனுக்கு இது தெரியல" என்றார்.

சேமித்து வைத்திருந்த இடத்துக்குத் திரும்பி, மூன்று பேரையும் கதவுக்கு வெளியே உயிரோடு நிறுத்திவிட்டு, லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். அந்தக் கதவுப் பக்கம் அவர் பிறகு போகவே இல்லை.

எழுந்துபோய் எங்கள் மூன்று பேருக்கும் ரசம் வைத்தார். உப்புப் போட மறந்துவிட்டார். வாத்தியாரும் நானும் அதைச் சொல்லாமல், இன்னொரு கரண்டி கேட்டு ஊற்றிக்கொண்டோம்.