கரிப்பேயை ஓட்டிய செப்புக் கூம்பு

அந்த அடுக்குமாடிக்குள் ஒரு பேய் புகுந்துவிட்டது. பெயர் கரிப்பேய்; மின் மீட்டரைத் தாறுமாறாக ஓடவைப்பது அதுதானாம். கண்டுபிடித்தவர் மீட்டர் சித்தர்; ஓட்டப்போகிறவரும் அவரேதான். எவ்வளவு வசதி பாருங்கள்!

எல்லாம் மாநகராட்சி போட்ட புதுச் சட்டத்தால் வந்தது. எந்தக் கட்டடமும் அளவுக்கு மேல் மின்சாரத்தை விழுங்கக்கூடாது, கரிப்புகையைக் கக்கக்கூடாது; மீறினால் அபராதம். விரிசல் விட்ட ஜன்னல்களை மாற்றினால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதற்காகக் குடியிருப்போர் சங்கம் பணமும் சேர்த்து வைத்திருந்தது. அந்த ஜன்னலுக்காக வழிமேல் விழி வைத்திருந்தவள் சங்கச் செயலாளரின் மனைவி. விரிசல் வழியே வந்த குளிர்காற்றில் அவள் கைக்குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக்காரரோ ஜன்னல்காரரை விட்டுவிட்டுச் சித்தரைக் கூட்டிவந்தார்.

படிக்கட்டு முழுக்கக் கூட்டம். சித்தர் மீட்டர் பெட்டியின் தலையில் செப்புக் கூம்பைக் கவிழ்த்தார்.

"வீட்டுல எது ஓடினாலும் பேய் அதைப் புடிச்சுக்கும். எல்லாத்தையும் அணைச்சிட்டு வாங்க!"

அணைத்துவிட்டு வந்தார்கள். மீட்டர் சக்கரம் நின்றது. "ஆகா!" என்றது கூட்டம். செயலாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சங்கத்துப் பணப்பையோடு சித்தரை நெருங்கினார்.

மனைவிக்கு வயிறு எரிந்தது. குழந்தைத் துணியைப் பாதியில் போட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தவள் அவள். அணைத்த பெட்டி சூடாகாது. அதற்கு ஒரு கூம்பு வேறா? விறுவிறுவென்று போய்ச் சட்டி மூடி ஒன்றை எடுத்துவந்தாள்.

"சாமி, கூம்பை எடுங்க. இதை வைக்கிறேன்."

"வேண்டாம்மா, பேய் திரும்பி வந்துடும்!"

"வரட்டும், நானும் பேயைப் பாத்ததில்ல."

கூம்பை அவளே எடுத்துவிட்டு மூடியை வைத்தாள். சக்கரம் அசையவில்லை. மூடியையும் எடுத்தாள். அப்போதும் அசையவில்லை. பிறகு கூம்பைப் பழையபடி கவிழ்த்து, "இப்ப எல்லாரும் போய் எல்லாத்தையும் போடுங்க" என்றாள்.

விளக்கு எரிந்தது, ஹீட்டர் உறுமியது. கூம்பு இருக்கும்போதே சக்கரம் தலைதெறிக்க ஓடியது. சித்தரும்தான்.

அவள், கணவர் கையிலிருந்த பணப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கே ஜன்னல்காரரை வரச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "சித்தரையே ஓட்டிடுச்சே! ஏம்மா, அந்த மூடியை எந்தக் கடையில வாங்கினே?"

அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மூடியில ஒண்ணும் இல்லைங்க. அவங்கவங்க தலைக்குள்ள ஏதாவது இருக்கான்னு தட்டிப் பாருங்க!"