ஸ்கேன் மேசையில் நனைந்த வேட்டி

வேட்டி நனைந்துவிட்டது. முத்துக்கருப்பனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

நரம்பில் ஏற்றிய ஊசிமருந்து உள்ளே ஓடிய மறுகணம் இடுப்புக்குக் கீழே குபுகுபுவென்று சூடு பரவியது. படம் எடுத்து முடியும்வரை தலைக்கு மேல் தூக்கிய கையை இறக்கக்கூடாது என்று உத்தரவு. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், இந்த வயசில் இப்படியா? மானம் போயிற்று.

"துடிப்பு எகிறுதே!" நர்ஸ் ஞானசுந்தரி ஓடி வந்தாள். "படம் கலங்கிருச்சுய்யா. இன்னொரு தடவை எடுக்கணும். அடைப்பு எங்கன இருக்குன்னு தெளிவாத் தெரிஞ்சாத்தான் விலா இடுக்குல சின்னத் துளை போதுமா, நெஞ்சையே பிளக்கணுமான்னு டாக்டர் சொல்லுவாரு."

நெஞ்சைப் பிளந்தால்கூடத் தேவலை. வெளியே வருங்காலச் சம்பந்தி அய்யாதுரை உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மாதம் மகள் கல்யாணம். "பட்டாசுக்காரன் எதுக்குங்க பயப்படப்போறான்?" என்று காலையில்தான் அவரிடம் மீசையை முறுக்கியிருந்தார்.

தொட்டுப் பார்க்கவும் கூசியது. கம்பெனியில் எது விபரீதமானாலும் முதலில் தண்ணீர் வாளியைத் தேடிப் பழகிய புத்தி.

"தாயி, குடிக்கத் தண்ணி."

வாங்கிய பாட்டிலை அப்படியே மடியில் கவிழ்த்தார்.

"அடடா, கை தவறிருச்சு!"

ஏசிக் குளிரில் உடம்பு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. ஆடுகிற ஆளை எப்படிப் படம் எடுப்பது? ஞானசுந்தரி கதவைத் திறந்து வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

"மாத்து வேட்டி இருக்கா? ஐயாவுக்கு நனைஞ்சுபோச்சு!"

யார் கண்ணில் படக்கூடாதோ அவரேதான் வேட்டியும் துண்டுமாக ஓடி வந்தார்.

"உடுத்துங்க சம்மந்தி."

மிஷினில் துடிப்பு இன்னும் ஏறியது. "மனசுல எதையோ வச்சுக்கிட்டு இருக்கீக" என்றாள் ஞானசுந்தரி. "அதை இறக்காம இது இறங்காது."

முத்துக்கருப்பன் உடைந்துவிட்டார். "சம்மந்தி, தண்ணியெல்லாம் சும்மா. ஊசி போட்டதும் சூடா... என்னையறியாம வேட்டியிலயே போயிட்டேன். இதைச் சாக்கா வச்சு எம்பொண்ணை வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீக."

அய்யாதுரை அவர் காதோடு குனிந்தார்.

"அட, நீங்க வேற! போன வருசம் எனக்கும் இதே ஊசி, இதே சூடு. வெக்கத்துல ஒருத்தர்கிட்டயும் மூச்சுவிடல. எறங்கித் தொட்டுப் பாத்தா வேட்டி காய்ஞ்சு கெடக்கு! மருந்து ஓடுனா எல்லாருக்கும் அப்படித்தான் தோணுமாம்."

தரையில் சொட்டிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும் எப்படி சம்மந்தி நெசமாவே இம்புட்டு?"