வாங்குப் பயிற்சியாளரின் வட்டங்கள்

மருந்துப் போத்தலின் மூடியைத் தாளில் வைத்து, நீலப் பேனையால் சுற்றினால் ஒரு வட்டம். அடிமட்டத்தால் அளந்து, இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி இன்னொரு வட்டம். பிறகு சிவப்புப் பேனையால் அம்புக்குறிகள். கோயில் கலண்டர் தாளின் பின்பக்கம் மெல்லமெல்லப் போர்க்களமாகிறது.

இந்த இனத்துக்கு வாங்குப் பயிற்சியாளர் என்று பெயர். பார்வையாளர் வாங்கில், அந்த நீளப் பலகை இருக்கையில், இருந்தபடியே அணியை நடத்துகிறவர். மொன்றியலில் செப்டெம்பர் பிறந்ததும் வெளியே வருவார். பல்கலைக்கழக மைதானத்தில் நடுவரிசையில் இடம் பிடிப்பார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்வரிசைக்காரருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று விளக்குவார். பந்தைத் தொட்டிருக்கிறாரா? அது எதற்கு?

மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் ஞானேந்திரன் இந்த இனத்தின் நல்ல மாதிரி. மகன் பிருந்தன் நான்கு வருடமாக அணியில் இருக்கிறான். அதாவது, மாற்று ஆளாகக் காத்திருக்கிறான். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த வட அமெரிக்க ஃபுட்போலை ஞானேந்திரன் கற்றது ஞாயிற்றுக்கிழமைகளில், தொலைக்காட்சியில், அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்து. அங்கே பத்து யார் தூரம் முன்னேற நான்கு முயற்சிகள். இங்கே கனடாவில் மூன்றுதான். இரண்டில் முடியாவிட்டால் மூன்றாவதில் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் ஞானேந்திரன் எழும்பி நின்று, இன்னும் இரண்டு இருக்கு, கோழைகள் என்று கத்துவார். பின்வரிசையும் பாவம், நம்பியது.

அணி நான்கு ஆட்டங்களில் தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தாள், வேலிக்கு மேலால் பயிற்சியாளர் றெனோல்ட் கையில் போய்ச் சேர்ந்தது. முதல் தாளுக்கு றெனோல்ட் பிரெஞ்சில் மேர்சி என்று நன்றி சொன்னார். நான்காவதைப் பார்க்காமலே மடித்துப் பைக்குள் போட்டார்.

கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் ஒருவனுக்குக் கால் பிரண்டது. பிருந்தனுக்கு முதன்முறையாகத் தொடக்கத்திலேயே இடம். வீட்டுக்கு வந்தவன், மேசையில் ஐந்தாவது தாள் முடிந்து கிடப்பதைக் கண்டான்.

"அப்பா, இன்னொரு தாள் வந்தா என்னை வெளியில இருத்திப்போடுவன் எண்டு கோச் சொல்லிட்டார்."

"நல்லாக் கவனிச்சு வாசிக்கிறார் போல," என்றார் ஞானேந்திரன்.

பிருந்தன் தாளைத் திருப்பித் தகப்பன் பக்கம் தள்ளினான். "வட்டத்தை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ."

எண்ணினார். பதினொன்று. திரும்பவும் எண்ணினார். அதே பதினொன்று.

"இஞ்ச பன்னிரண்டு பேர் விளையாடுறது. அமெரிக்காவில இல்லாத அந்தப் பன்னிரண்டாவது ஆள், கரையில ஓடுறவன், அதுதான் நான்."

மனைவி புஷ்பராணி கோப்பை கழுவியபடியே சொன்னாள்: "நான் செப்டெம்பரிலயே எண்ணிட்டன்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் இன்னும் கதைச்சு முடிக்கேல்லையே."

ஞானேந்திரன் தலையாட்டி ஒத்துக்கொண்டார். இந்த இனத்தில் அது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியை எடுத்து, தாளின் ஓரத்தில், இருந்த இடத்துக்குள் நெருக்கி, பன்னிரண்டாவது வட்டத்தைப் போட்டார். மற்ற எல்லாவற்றையும்விட அழகாக வந்தது. நாம் நெகிழ்ந்துபோகும் முன்பே அதற்கும் ஒரு சிவப்பு அம்பு போட்டுவிட்டார்.

அடுத்த நாள் மைதானம். பிருந்தன் தலைக்கவசத்துடன் கோட்டில் நிற்கிறான். கண் மட்டும் பார்வையாளர் வாங்குப் பக்கம். றெனோல்ட் வேலியோரமாக நடந்து வருகிறார். ஞானேந்திரனின் கை குளிர்ச்சட்டைப் பைக்குள் போகிறது. தாள் வெளியே வருகிறது. றெனோல்ட் ஒரு கணம் நிற்கிறார்.

அவர் தாண்டிப் போகும்வரை ஞானேந்திரன் தாளைக் கொடுக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அங்கே விசில் கேட்கிறது; மகன் ஓடுகிறான். ஆனால் இவ்வளவு பாடுபட்டு வரைந்ததை யாருக்காவது கொடுக்காமல் இருக்க முடியுமா? பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்புகிறார்.

பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். இவ்வளவு நேரமும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஆனாலும் அந்த ஏழாவது வட்டம் இன்னும் கொஞ்சம் பின்னால் நிற்கவேண்டும் என்று உங்களுக்கு ஏன் படுகிறது? கை ஏன் பேனையைத் தேடுகிறது?

"பிடியுங்கோ," என்று தாளை உங்கள் கையில் வைக்கிறார் ஞானேந்திரன்.